விருந்தாளி கிளம்பும் நாள்

என் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டருக்குப் பரீட்சை வைக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இத்தனை வருஷம் அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவள் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கு விளங்கியது அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்க ஆரம்பித்தாள் என்றால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அவள் இருப்பது வானிலை ஆராய்ச்சி அலுவலகத்தில். அங்கே உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாக வெட்டி ஒரு கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கிறார்கள். கடல், மலை, காற்று எல்லாம் அதற்குள் உண்டு. அதற்கு மாடல் என்று பெயர். நடந்து முடிந்த முப்பது நாற்பது வருஷத்தை மறுபடி நடத்திக் காட்டு என்று அதனிடம் சொல்வார்கள். அது நடத்திக் காட்டும். உண்மையில் நடந்ததோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து மார்க் போடுவதற்கு ஆளுக்கொரு பாடம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்கு மழை, ஒருவருக்குப் புயல். என் அக்காவுக்கு வந்து வாய்த்தது, நகராமல் உட்கார்ந்திருக்கும் வானம்.

இதை அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். மேலே வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெரிய காற்று ஓடிக்கொண்டே இருக்கிறதாம். நமக்கு இன்று மழை, நாளை வெயில் என்று மாறுவது அது இழுத்துக்கொண்டு போவதால்தான். சில சமயம் அதன் பாதையின் குறுக்கே கனத்த காற்றுத் திட்டு ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். ஓடி வரும் காற்று அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும். அதன் அடியில் மாட்டிக்கொண்ட ஊருக்கு வந்த வானிலை வந்ததுதான், மாறவே மாறாது. கோடை என்றால் வெயில் கொளுத்திக்கொண்டே இருக்கும். குளிர்காலம் என்றால், எங்கள் ஊர் மாதிரிப் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இறங்கி அப்படியே கிடக்கும். கட்டுரைகளில் இதற்கு வளிமண்டலத் தடுப்பு என்று எழுதுவார்கள். அலுவலகத்தில் அதற்கு வைத்த பெயர் விருந்தாளி.

பெயர் வைத்தவள் என் அக்காதான். சொல்லாமல் கொள்ளாமல் வருவார், இன்றைக்கோ நாளைக்கோ கிளம்பிவிடுவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவர் காலை நீட்டிப் படுத்திருப்பார். மாடல்களுக்கு இந்த விருந்தாளி விஷயம் மட்டும் சரியாகப் பிடிபடுவதில்லை. அவர் வருவதைக்கூட ஓரளவு சொல்லிவிடும். ஆனால் சீக்கிரமே வழியனுப்பி வைத்துவிடும். மேற்கிலிருந்து வரும் குட்டிப் புயல்கள் வந்து மோதி மோதித்தான் விருந்தாளிக்குத் தெம்பு ஊட்டுகின்றனவாம். மாடலின் கட்டங்கள் பெரியவை, குட்டிப் புயல்கள் அதில் சரியாக உருவாவதில்லை. ஊட்ட ஆள் இல்லாமல் விருந்தாளி இளைத்துப்போய்க் கிளம்பிவிடுகிறார். நிஜத்தில் அவர் கொழுத்துக்கொண்டே இருப்பார்.

அதே மாடலைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு ஓட்டித்தான் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் ஊருக்கு வானிலை சொல்கிறார்கள். அவர்களுக்கு என் அக்கா ஒரு பழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருந்தாள். விருந்தாளி வந்துவிட்டார் என்று தெரிந்தால், மாடல் என்றைக்கு அவர் கிளம்புவார் என்கிறதோ, அதற்கு மேல் இன்னும் சில நாளைச் சேர்த்துத்தான் வெளியே சொல்ல வேண்டும். இதற்குப் பாய் போடுவது என்று பெயர். "பாய் போட்டாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பேந்தப் பேந்த விழிப்பார்களாம்.

இப்போது எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா எப்போதோ போய்விட்டாள். நாங்கள் மூன்று பிள்ளைகள். பெரியவள் அக்கா. அடுத்தது நான், வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரையும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைக்கிறவள். கடைசி தம்பி, மலைக்கு அந்தப் பக்கம் பெரிய நகரத்தில் லிப்ட் மெக்கானிக். அப்பா மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அக்காவை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார். சின்னப் பிள்ளையில் விடுமுறை என்றால் அவள் அப்பாவின் பஸ்ஸில் ஏறிக்கொள்வாள். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஆள் ஏறி முடித்ததும் வாயாலேயே விசில் அடிப்பாள். உண்மையான கண்டக்டர் விசில் அடித்தாலும் அப்பா வண்டியை எடுக்க மாட்டார். "எங்க கண்டக்டர் இன்னும் சொல்லலையே" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். எனக்குப் பொறாமையாக இருக்கும், அதை இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அவள் வானிலை வேலைக்குப் போனதும் அப்பாவுக்கு அந்தப் பெயர் இன்னும் வசதியாகிவிட்டது. துணி காயப் போடலாமா, கூரைக்குப் பெயிண்ட் அடிக்கலாமா, எல்லாவற்றுக்கும் கண்டக்டர் விசில் கொடுக்க வேண்டும். அக்கா பாவம், என்னுடைய வேலை அதெல்லாம் இல்லை, நான் பழைய வருஷங்களுக்கு மார்க் போடுகிறவள் என்று அவள் விளக்கிப் பார்த்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் அவளும் விட்டுவிட்டாள். கேட்டால் பதில் சொல்வாள், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

போன வருஷம் அலுவலகத்துக்குப் புது மாடல் வந்தது. கட்டங்கள் சிறியவை, குட்டிப் புயல்கள் நன்றாக உருவாகின்றன என்று சொன்னார்கள். பரீட்சை வைக்கும் வேலை அக்கா தலையில் விழுந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்தாள். அவள் பார்த்தது, ஒரு குளிர்காலத்தில் மொத்தம் எத்தனை நாள் விருந்தாளி வீட்டில் இருந்தார் என்பதை. பழைய மாடல்களில் அது எப்போதும் குறைவாகவே வரும். இதில் உண்மைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்பாவிடம் போய், "பாஸ் ஆயிருச்சுப்பா" என்றாள். எது பாஸானது என்று அப்பாவுக்குத் தெரியாது. இருந்தாலும் ரொம்ப சந்தோஷம் என்றார்.

அவளுடைய மேலதிகாரி உடனே கேட்டாராம், அப்படியென்றால் கீழ்த்தளத்தில் இனிமேல் பாய் போட வேண்டாம்தானே என்று. அக்கா கொஞ்சம் யோசித்திருக்கிறாள். நீண்ட தங்கல்கள் மட்டும் எப்படி என்று தனியாகப் பார்க்கவில்லை, அவை எண்ணிக்கையில் குறைவு, இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா என்றிருக்கிறாள். எத்தனை நாளைக்குத்தான் மிஷின் சொன்னதை நாமே மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது என்று அவர் கேட்டதும் இவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் போட்ட பாயை அவளே சுருட்டி வைத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சு ரொம்ப மோசமானது. வருஷக்கணக்காக இருமிக்கொண்டிருந்தவர், இப்போது மூச்சு வாங்குவதையே ஒரு வேலையாகச் செய்தார். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டோம். மெஷின் சத்தம் கேட்டால் வண்டி ஓடுவது மாதிரி இருக்கிறது என்பார். நான் தைக்க ஒன்றும் இல்லாத நேரத்தில்கூட வெறும் துணியை ஓட்டிக்கொண்டிருப்பேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார்.

பார்க்க வேண்டியவன் ஒருத்தன்தான். அதற்கு முன்தினம்தான் பனிமூட்டம் இறங்கியிருந்தது.

எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். மலைப்பாதையில் உறைபனி, அதையும் அடைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே வழி, மலையைச் சுற்றிக்கொண்டு ரயிலில் வருவது. இரண்டு இடத்தில் வண்டி மாறி, கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். தம்பி அக்காவுக்குத்தான் போன் பண்ணினான். சுற்றிக்கொண்டு கிளம்பட்டுமா, விமானத்துக்கு இருக்கட்டுமா என்று கேட்டான்.

அக்கா புது மாடலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வியாழக்கிழமை விலகிரும்டா. முதல் பிளைட்லயே வந்துரலாம். ரயில்ல வந்தா அதவிட லேட்டாகும். இரு."

அது தப்பான கணக்கு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளில் வானம் திறக்கும் என்றால் மூன்று நாள் ரயிலில் எவன் ஏறுவான்?

அப்பா கட்டிலில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கண்டக்டர், எப்ப?" என்றார். வியாழக்கிழமை என்றாள். "அப்ப இருக்கேன்" என்றார், ஏதோ பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்று தம்பியைத் திரையில் காட்டினோம். அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார், அப்புறம் கையால் தள்ளிவிட்டார். நேரில் வரட்டும் என்றார். எத்தனை தரம் கெஞ்சினாலும் அந்தப் போனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிடிவாதத்தில் எங்கள் வீட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வியாழக்கிழமை வந்தது. காலையில் நான் ஜன்னல் திரையை விலக்கினேன். வெள்ளையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் வெள்ளைதான்.

அக்கா அலுவலகத்துக்கு ஓடினாள். சனிக்கிழமை என்றது மாடல். மறுபடி இரண்டு நாள், மறுபடி ரயிலைவிடக் குறைவு. தம்பியை இருக்கச் சொன்னாள். அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. லேட்டுதானே, பரவாயில்லை, சனிக்கிழமை வரைக்கும் இருக்கிறேன் என்றார். டாக்டருக்கே ஆச்சரியம், இந்த மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று. எனக்குத் தெரியும். ஒவ்வொரு மூச்சையும் அவர் அக்கா சொன்ன கிழமையை நோக்கித்தான் தள்ளிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அடுப்படியில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஊருக்கெல்லாம் பாய் போடச் சொன்னவ நீதான? தம்பி விஷயத்துல மட்டும் மிஷின் சொல்றத அப்படியே ஒப்பிக்கிற?"

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். "புது மாடலுக்கு அது வேண்டாம்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்தும் எதிர்வீட்டுச் சுவரைக் காணோம். மாடல் திங்கட்கிழமைக்குப் போயிருந்தது. அன்று அலுவலகம் விடுமுறை. அக்கா போய் ஆளில்லாத அறையில் உட்கார்ந்து, அவள் போட்ட பழைய மார்க்கை எல்லாம் மறுபடி பிரித்துப் பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை மொத்த நாளைக் கூட்டவில்லை. ஒவ்வொரு விருந்தாளியும் வந்து எத்தனை நாள் தங்கினார் என்று தனித்தனியாக அடுக்கினாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பிற்பாடு அவளே எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். பத்து விருந்தாளி மூன்று மூன்று நாள் தங்கினாலும் முப்பது நாள். ஒரே ஒருத்தர் மாதம் முழுக்கப் படுத்துக்கிடந்தாலும் முப்பது நாள். கூட்டுத்தொகை ஒன்றுதான். சமைத்துப் போடுகிறவளுக்கு இரண்டும் ஒன்றா? புது மாடல் குட்டி குட்டி விருந்தாளிகளை நிறைய வரவழைத்துக் கணக்கைச் சரிக்கட்டியிருந்தது. நாள் கணக்கில் தங்குகிற பெரிய ஆள் வந்தால், பழைய மாடல்களைப் போலவே, இதோ இரண்டு நாளில் கிளம்பிவிடுவார் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் மார்க் போட்டது தப்பில்லை, கேட்ட கேள்விதான் தப்பு.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் பண்ணியிருக்கிறாள். "கிளம்புடா. சுத்திக்கிட்டு வா. நான் சொன்னதக் கேட்டுக்கிட்டு இருக்காத." அதற்கு அவன், நான் ஏற்கெனவே ஸ்டேஷனில்தான் நிற்கிறேன் பெரியக்கா என்று மட்டும் சொன்னானாம்.

அவள் வீட்டுக்கு வந்தபோது தலைமுடியெல்லாம் பனியில் நனைந்திருந்தது. நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். காலடிச் சத்தத்திலேயே அவள் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"கண்டக்டர். இன்னைக்கு சனிக்கிழமை."

"ஆமாப்பா. விலகலப்பா. தம்பி ரயில்ல சுத்தி வர்றான்."

"எப்ப வருவான்?"

அக்கா வாயைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு தடவை கிழமை சொல்லி இரண்டு தடவையும் பொய்யாகிப்போனவள். அன்று பகல் முழுக்கத் தன்னுடைய தப்பை எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு வந்தவள். இனி ஒரு கிழமை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அந்த ரயில்களும் பனியில் ஊர்ந்துதான் வருகின்றன என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியலப்பா" என்றாள்.

"செவ்வாய்க்கிழமைப்பா, செவ்வாய்க்கிழமை மத்தியானம் இங்க இருப்பான்" என்று நான் மெஷினை விட்டு எழுந்து வந்து சொன்னேன். குனிந்து காதருகே இன்னொரு தரமும் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயிலிருந்து அது வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் எதையும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தார். நான் மெஷினை ஓட்டினேன். அக்கா கட்டிலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது செய்யலாம் என்றால், செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் அதையே படித்தவள் உள்ளே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போ என்று அதனிடம் சொல்ல அவளாலும் முடியாது, என்னாலும் முடியாது.

திங்கட்கிழமை காலையில் அப்பா போய்விட்டார். தம்பி செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தான், நான் சொன்ன நேரத்துக்கே. அவன் கதவைத் திறந்தபோது பனியும் கூடவே உள்ளே வந்தது. காலணியைக் கழற்றாமல் காலியான கட்டிலுக்கு முன்னால் நின்றான். அக்கா எழுந்திருக்கவில்லை. அவன்தான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அழுதான். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்டதில்லை. ஒருமுறை கத்தித் தீர்த்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

பனிமூட்டம் அதற்கு அப்புறமும் பல நாள் இருந்தது.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அக்கா என்னிடம் ஒரே ஒரு தரம் அதைப் பற்றிப் பேசினாள். "செவ்வாய்க்கிழமைன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பாரு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நுரையீரல் என்ன காலண்டரைப் பார்த்தா மூச்சு விடுகிறது, படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கும் அது தெரியும். ஆனால் வியாழக்கிழமை என்றபோது வியாழக்கிழமை வரை இருந்ததையும், சனிக்கிழமை என்றபோது சனிக்கிழமை வரை இருந்ததையும் நாங்கள் இரண்டு பேருமே பார்த்தவர்கள்.

இப்போதும் அவள் அதே வேலையில்தான் இருக்கிறாள். கீழ்த்தளத்துக்குப் பாய் திரும்பி வந்துவிட்டது. புது மாடலுக்குப் போட்ட மார்க்கைத் திருத்தி எழுதினாள், விருந்தாளி இருக்கும் மொத்த நாளைச் சரியாக எண்ணுகிறது, நீண்ட தங்கலைக் குறைத்துக் காட்டுகிறது என்று. மேலதிகாரி முகம் சுளித்தாராம், சராசரி நன்றாகத்தானே இருக்கிறது என்று. இருக்கட்டும் சார், நான் எழுதியதை மாற்ற மாட்டேன் என்றிருக்கிறாள். அடுத்த மாடல் எப்போது வரும் என்று கேட்டேன். வரும், அதுவும் கொஞ்சம் சீக்கிரம்தான் அனுப்பி வைக்கும் என்றாள். அதில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவான். முதலில் அவளோடு பேசுவான். சாப்பிட்டாயா, வேலை எப்படி, லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் ஏதாவது ஒன்று கேட்பான். அடுத்த வாரம் அங்கே மழை உண்டா பெரியக்கா, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வரட்டுமா, இப்படி. அவன் நகரத்தில் வானிலை சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. இருந்தும் அவளிடம்தான் கேட்கிறான், விடாமல் கேட்கிறான். எதற்காகக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் பதில் சொல்வதில்லை. "இரு, சின்னக்காட்ட குடுக்கிறேன்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு, தெரிந்த மட்டும் சொல்கிறேன்.